மாடி அறைக்கு ஃபைபர் இழுத்தேன்: 480 ஜிபி, பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து பதினோரு நிமிடத்துக்கு

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு கல்யாணத்தின் முழு ஃபுட்டேஜ், 480 ஜிபி, மொட்டைமாடி அறையிலிருந்த எடிட்டிங் கணினியிலிருந்து கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சேமிப்புக் கணினிக்குப் பதினோரு நிமிடத்துக்குள் இறங்கி முடிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வேலைக்கு, ராத்திரி ஒன்பது மணிக்குக் காப்பி போட்டுவிட்டுப் படுத்தால் காலை ஒன்பதுக்குத்தான் முடியும். நடுவில் கரண்ட் போய்விட்டால் எது போனது, எது போகவில்லை என்று ஃபோல்டர் ஃபோல்டராக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு தடவை முகூர்த்த நேரத்து கிளிப் ஒன்று பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்ததை மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். மெமரி கார்டை அதற்குள் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். அந்த ராத்திரியின் பயம்தான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

வீடு தாம்பரம் பக்கம் சேலையூரில். தரைத்தளம், முதல் மாடி, அதற்கு மேலே மொட்டைமாடியில் ஒரே ஓர் அறை. அந்த அறைதான் என் எடிட்டிங் இடம். 2014இல் வீடு கட்டும்போதே நெட்வொர்க்குக்கென்று தனியாக ஒரு முக்கால் இன்ச் பிவிசி பைப்பைச் சுவருக்குள் புதைத்து, அதில் ஒரு கேபிளும் போட்டு வைத்திருந்தார்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்போடு கலக்காமல் தனிப் பைப் கேட்டு வாங்கியவர் என் அப்பா. அன்று அவர் அதை வற்புறுத்தாமல் விட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

முதலில் கவனித்தது வேகத்தை அல்ல, வேகம் மாறாததை. எந்த ஃபைலைப் போட்டாலும், எந்த நேரத்தில் போட்டாலும், விண்டோஸ் காட்டும் எண் விநாடிக்கு 11.2 எம்பி. சின்ன ஃபைல், பெரிய ஃபைல், எல்லாம் ஒன்றுதான். டிஸ்க் மெதுவாக இருந்தால் எண் ஏறி இறங்கும். இப்படி கோடு போட்ட மாதிரி நின்றால் அது 100 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பு (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). சேமிப்புக் கணினியில் ஓடுவது லினக்ஸ். அதில் இணைப்பின் வேகத்தைக் காட்டும் எத்டூல் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். வேகம் 100 என்றே வந்தது. கணினி இரண்டும் கிகாபிட்டோ (1000 எம்பிபிஎஸ்) அதற்கு மேலோ, ரவுட்டரும் கிகாபிட். அப்படியென்றால் நடுவில் இருக்கும் கேபிள்.

ரிச்சி தெருவில் 250 ரூபாய்க்கு ஒரு கேபிள் டெஸ்டர் கிடைத்தது. இரண்டு துண்டாகப் பிரியும். கேபிளின் ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் இன்னொன்று. எட்டு விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். எனக்கு 1 முதல் 7 வரை எரிந்தது, எட்டாவது எரியவில்லை. எட்டாவது என்பது பழுப்பு ஒயர். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு ஒயர் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரே ஓர் ஒயர் அறுந்தாலும் கருவிகள் சத்தம் காட்டாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. இப்படி எத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருந்ததோ.

நண்பரிடம் கிரிம்பிங் டூலை இரவல் வாங்கி, மாடி அறை முனையில் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, புது முனை அடித்தேன். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. எட்டு விளக்கும் எரிந்தன. காப்பி வேகம் 112 எம்பிக்கு ஏறியது. 480 ஜிபி ஒரு மணி நேரம் பதினோரு நிமிடம். 250 ரூபாய்க்குப் பத்து மடங்கு வேகம். இந்த முழு வேலையிலும் செலவிட்ட காசுக்கு அதிகப் பலன் தந்தது அந்த டெஸ்டர்தான்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பத்து மடங்கைப் பார்த்ததும் இன்னும் வேண்டும் என்று தோன்றியது. 2.5 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 2.5 கிகாபிட்) ஈதர்நெட் 2016இலேயே தரமாக்கப்பட்டது. பழைய கேபிளிலேயே ஓடும் என்பதுதான் அதன் பெரிய வசதி. கேபிளை மாற்றாமல் இரண்டரை மடங்கு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஐந்து 2.5ஜி போர்ட்டும், இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் துளையும் (ஃபைபருக்கான 10ஜி மாட்யூல் செருகும் இடம்) உள்ள சுவிட்ச் ஒன்று 5,200 ரூபாய். மாடிக் கணினிக்கு 2.5ஜி யுஎஸ்பி அடாப்டர் 1,900. சுவரில் இருப்பது என்ன கேபிள் என்று பார்க்காமல் வாங்கினேன். மேலுறையில் கேட் 6 (கிகாபிட்டுக்கு மேலும் தாங்கும் கேபிள் தரம்) என்று அச்சடித்திருந்தது, அதை நம்பினேன்.

முதல் நாள் அடாப்டரைச் செருகியதும் வேகம் 38 எம்பி. முன்பைவிடக் குறைவு! அரை மணி நேரம் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கேபினட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், கீபோர்டுக்கு அடுத்த கறுப்புத் துளையில் செருகியிருக்கிறேன். அது யுஎஸ்பி 2.0. நீலத் துளைக்கு மாற்றியதும் 270 வந்தது. கொஞ்ச நேரம் வந்தது. பிறகு காப்பி அப்படியே உறைந்து நின்றது, சுவிட்சின் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது, இந்த முறை வேறு நிறத்தில். 2.5இலிருந்து கிகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. அடுத்த நாள் அதுவும் போய் 100க்கு வந்து நின்றது.

டெஸ்டரில் மறுபடி எட்டாவது விளக்கு இல்லை. நான் ஐந்து மாதத்துக்கு முன்னால் அடித்த அதே முனை. கேபிளைக் கையில் எடுத்து லேசாக வளைத்ததும் பழுப்பு ஒயர் உள்ளே முறிந்திருப்பது விரலுக்கே தெரிந்தது. செம்புக் கம்பி இவ்வளவு சுலபமாக முறியாதே என்று, இன்னும் இரண்டு அங்குலம் உரித்து, ஒரு கம்பியின் மேல் பிளேடை வைத்து மெதுவாகச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். இரண்டு இழுப்பில் அது போய், உள்ளே வெள்ளி மாதிரி வெளுப்பு. அலுமினியம். செம்புப் பூச்சு மட்டும் பூசிய அலுமினியக் கம்பி. கடைக்காரர்கள் சிசிஏ என்பார்கள். செம்பைவிட மின்தடை பாதிக்கு மேல் அதிகம், வளைத்தால் முறியும், முனையில் அடித்த இடத்தில் நாளாக ஆகப் பிடிப்பு தளரும். பத்து வருடமாகச் சுவருக்குள் இருந்தது அதுதான். கடையில் வாங்கும்போது பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், செம்பு கனமாக இருக்கும். ஆனால் அன்று வாங்கியது நாங்கள் அல்ல.

அந்தப் பிளேடை நான் 7,100 ரூபாய் செலவு செய்வதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும். கேபிளைச் சோதிக்க ஆனது ஐந்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை.

சரி, கேபிளை மாற்றியே ஆக வேண்டும். எதை இழுப்பது? நல்ல செம்பு கேட் 6 என்றால் மீட்டர் முப்பது ரூபாய் சுமார். 55 மீட்டர் வரை அதில் 10 ஜிபிபிஎஸ்கூட ஓட்டலாம். எனக்குத் தேவையான நீளம் 32 மீட்டர். வேலையும் தெரிந்த வேலை. அந்த வழியில் போயிருந்தாலும் தப்பில்லை.

என்னைத் திருப்பியது இடி. அதற்கு முந்தைய ஐப்பசியில் இரண்டு வீடு தள்ளி ஒரு தென்னை மரத்தில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் பல்புகூட அணையவில்லை. ஆனால் ரவுட்டரில் ஒரு போர்ட்டும், டிவி பெட்டியின் நெட்வொர்க் போர்ட்டும் செத்துவிட்டன. மொட்டைமாடி அறையிலிருந்து தரைத்தளம் வரை ஒரு நீளமான செம்புக் கம்பி, அதன் அடிமுனையில் பத்து வருட வேலையெல்லாம் சேமித்த கணினி. இந்தப் படம் மனதில் வந்த பிறகு எனக்குச் செம்பு இழுக்க மனம் வரவில்லை. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் பாயாது. சுவிட்சில் ஏற்கெனவே இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் துளை சும்மா இருந்தது. அவசரப்பட்டு வாங்கிய சுவிட்ச் இப்படிப் பயன்பட்டது.

ஃபைபரிலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க இழுக்கும் தட்டைக் கறுப்புக் கேபிளில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி இருக்கும். அதை இழுத்தால் இடிக்குப் பயந்து ஃபைபர் போட்ட பலனே போய்விடும். உள்ளே எஃப்ஆர்பி (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) இழை போட்ட, உலோகமே இல்லாத வகை இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். இரண்டு கோர் (உள்ளே ஒளி போகும் இரண்டு இழை), சிங்கிள் மோட், 45 மீட்டர், மீட்டர் 12 ரூபாய். மொத்தம் 540. செம்பைவிட மலிவு.

இழுப்பதற்கு எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டேன். பழைய கேபிளின் முனையில் புதுக் கேபிளைக் கட்டி, அந்தப் பக்கமிருந்து இழுத்தால் பழையது வெளியே வர, புதியது உள்ளே போய்விடும் என்று நான் திட்டம் சொன்னேன். அவர் பைப்பின் வாயைப் பார்த்தார், கேபிளைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார்.

"நல்ல கம்பியா இருந்தா வரும் சார். இது வராது. நடுவுல அத்துக்கும்."

நான் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தோம். ஏழெட்டு மீட்டர் நன்றாக வந்தது. ஒரு வளைவில் பிடித்தது. கொஞ்சம் பலமாக இழுத்ததும் கை லேசாகிவிட்டது. அலுமினியம், அவர் சொன்னபடியே அறுந்துவிட்டது. ஃபைபரை இன்னும் கட்டாமல் முதலில் வெறுமனே இழுத்துப் பார்த்ததால் அது தப்பித்தது. மீதியை முதல் மாடி நடையில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, அங்கிருந்து இரு பக்கமாகவும் உருவி எடுத்தார் அண்ணன். பைப் இப்போது காலி. ஆனால் உள்ளே எதுவும் இல்லாததால் இழுக்க வழியும் இல்லை. பைப்புக்குள் விட்டு ஒயர் இழுக்கும் அவருடைய ஸ்பிரிங் இரண்டாவது வளைவைத் தாண்ட மறுத்தது.

அப்போதுதான் வாக்குவம் கிளீனர் யோசனை வந்தது. மெல்லிய கேரி பேக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குடை மாதிரி குவித்து, தையல் நூலின் முனையில் கட்டினோம். கீழே பைப் வாயில் அதை நுழைத்துவிட்டு, மேலே மாடி அறையில் பைப்போடு வாக்குவம் குழாயை வைத்து, ஈரத் துணியால் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். கீழே நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு என் மனைவி. நூல் அசையவே இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. காற்று எங்கோ கசிகிறது. "நடுவுல பாக்ஸ் தெறந்து கெடக்கே" என்று அண்ணன்தான் முதல் மாடியிலிருந்து குரல் கொடுத்தார். ஜங்ஷன் பாக்ஸுக்குள் இரண்டு பைப் வாயையும் ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டால் இணைத்து, மேலே டேப் சுற்றினார். மறுபடி போட்டோம். கீழிருந்து "போகுது, போகுது" என்று சத்தம். நூல்கண்டு தரையில் குதித்துக் குதித்துச் சுழன்றதாம். பத்து விநாடிகூட ஆகவில்லை, மேலே ஈரத் துணிக்குப் பின்னால் டப்பென்று கேரி பேக் துண்டு வந்து ஒட்டியது. எனக்கு அந்த நிமிடம் வந்த சந்தோஷம் பிற்பாடு வேக எண்களைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

தையல் நூலில் நைலான் நூலைக் கட்டி இழுத்து, நைலானில் ஃபைபரைக் கட்டி இழுத்தோம். ஃபைபரோடு இன்னொரு நைலான் நூலையும் சேர்த்தே விட்டோம். வளைவுகளில் வேகம் காட்டாமல், மேலே ஒருவர் இழுக்கக் கீழே ஒருவர் தள்ளிக் கொடுத்தோம். கேபிளில் கொஞ்சம் டால்கம் பவுடர் பூசியது நன்றாக வேலை செய்தது. அரை நாள் வேலை. அண்ணனுக்கு 1,200 கொடுத்தேன்.

ஃபைபர் முனைகளை இணைக்க ஒரு ஸ்பிளைசிங் மெஷின் வேண்டும். அதை யாரும் வீட்டுக்கு வாங்க மாட்டார்கள். எங்கள் பகுதியில் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் தம்பி ஒருவரிடம் இருக்கிறது. ஒரு ஜாயின்ட்டுக்கு 200 ரூபாய் என்று பேசினோம். நான் போனில் சொன்னது, "தம்பி, ஃபைபர் ஜாயின்ட் பண்ணணும்" என்று மட்டும். அவர் தன் வழக்கப்படி பச்சை நிற எஸ்சி முனைகளோடு வந்து நின்றார். வீட்டு இன்டர்நெட் இணைப்புகளில் வருவது அதுதான். என் மாட்யூல்களுக்கு வேண்டியது நீல நிற எல்சி. பச்சை முனையின் கண்ணாடி எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும், நீலம் நேராக. இரண்டையும் முட்டவைத்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். "எல்சி பிக்டெயில்னு சொல்லியிருந்தா நானே எடுத்துட்டு வந்திருப்பேன்ணா" என்றார் தம்பி. ஒரு நாள் போயிற்று. மறுநாள் நானே ரிச்சி தெருவுக்குப் போய், நீல எல்சி பிக்டெயில் (ஒரு பக்கம் முனை பொருத்தியே வரும் சின்ன ஃபைபர் துண்டு) நான்கு, ஒன்று 80 ரூபாய், வாங்கி வந்தேன். முனைகளை வைக்கும் சின்னச் சுவர்ப் பெட்டி இரண்டு 240. அங்கிருந்து கருவிகளுக்குப் போகும் பேட்ச் கார்டு இரண்டு 500.

அந்த ஸ்பிளைசிங்கைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேலுறையை உரித்து, இன்னும் ஒரு பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்ததும் கிடைப்பது 125 மைக்ரான் கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடும் நடுப்பகுதி ஒன்பது மைக்ரான்தான். கிளீவரில் வைத்து ஒரே தட்டில் நேராக வெட்டுகிறார். மெஷினின் சின்னத் திரையில் இரண்டு முனைகளும் தூண் மாதிரி பெரிதாகத் தெரிகின்றன. தானாகவே நகர்ந்து, ஒன்றையொன்று நேர்பார்த்து, ஒரு நீலப் பொறி. இரண்டு தூண்களுக்கு நடுவில் கோடே இல்லை. ஒளி இழப்பு 0.01 டெசிபெல் என்று காட்டியது. நான்கு ஜாயின்ட்டில் ஒன்று மட்டும் 0.06 வந்தது, தம்பி திருப்தியில்லாமல் அதை வெட்டிவிட்டு மறுபடி போட்டார். கேட்காமலேயே செய்தார்.

ஒரு விஷயம். வெட்டி விழும் துண்டுகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நம் வீட்டில் வெறுங்காலோடு நடப்போம், குழந்தை தரையில் தவழும். தம்பி ஒரு பிளாஸ்டர் டேப்பைப் பசைப் பக்கம் மேலாக விரித்து, ஒவ்வொரு துண்டையும் அதில் ஒட்டி, கடைசியில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். வேறு யாரையாவது வைத்துச் செய்தால் இதை நீங்களே சொல்லிச் செய்ய வையுங்கள்.

மாட்யூல்கள் 10ஜிபேஸ்-எல்ஆர், 1310 நானோமீட்டர், ஒன்று 1,600. பத்துக் கிலோமீட்டர் வரை போகக்கூடியதை 32 மீட்டருக்குப் போடுகிறோமே, ஒளி அதிகமாகிக் கெட்டுவிடுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. எல்ஆர் வகையில் அனுப்பும் உச்ச அளவை வாங்கும் பக்கம் தாங்கும்படிதான் வரையறுத்திருக்கிறார்கள். குறைப்பான் எதுவும் வேண்டியதில்லை. செம்பு முனை வைத்த 10ஜி மாட்யூல்களைவிட இவை சூடும் குறைவு.

கணினிகளுக்கு, சர்வரிலிருந்து கழற்றி விற்கும் மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 நெட்வொர்க் கார்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 2,800. சேமிப்புக் கணினி சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த இணைப்புக்கு ஃபைபர் வேண்டாம். ஒரு மீட்டர் டிஏசி கேபிள், 1,100. இரு முனையிலும் மாட்யூல் ஒட்டியே வரும் செம்புக் கேபிள் அது.

எல்லாம் செருகி ஆன் செய்தால் விளக்கு எரியவில்லை. ஒரு கோர் அனுப்ப, ஒரு கோர் வாங்க. இந்தப் பக்கம் அனுப்புவது அந்தப் பக்கம் வாங்கும் துளைக்குப் போக வேண்டும். நான் இரு பக்கமும் ஒரே வரிசையில் செருகியிருந்தேன். பேட்ச் கார்டின் கிளிப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் இடம் மாற்றினேன். விளக்கு எரிந்தது.

ஐபெர்ஃப்3 ஓட்டினேன். இது டிஸ்க்கைத் தொடாமல் கம்பியின் வேகத்தை மட்டும் அளக்கும். 9.4 ஜிபிபிஎஸ் எதிர்பார்த்தேன், வந்தது 3.2.

ஃபைபரைச் சந்தேகப்பட்டு, ஸ்பிளைஸ் சரியில்லையோ என்று தம்பிக்குப் போன் போடும் வரை போய்விட்டேன். நல்லவேளை அவர் எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், ஃபைபர் இணைப்பு கெட்டிருந்தால் பிழைகள் வரும், விட்டுவிட்டு வரும், இப்படி 3.2இல் அசையாமல் நிற்காது. அசையாத எண் என்றால் ஏதோ ஒரு வாசல் குறுகல். 11.2 சொல்லிக் கொடுத்த அதே பாடம். பவர்ஷெல்லில் கார்டின் பிசிஐஇ அகலத்தை, அதாவது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் எத்தனை லேன் (தரவுப் பாதை) என்பதைக் கேட்டேன்: 1 என்றது. மதர்போர்டின் கடைசி ஸ்லாட் பார்க்க நீளமாக, பதினாறு லேன் மாதிரியே இருக்கிறது. உள்ளே இணைத்திருப்பது ஒரே ஒரு லேன், அதுவும் இரண்டாம் தலைமுறை. அதன் உச்சமே விநாடிக்கு 500 எம்பி, நடைமுறையில் இன்னும் குறைவு. மதர்போர்டு கையேட்டில் இது தெளிவாகவே போட்டிருக்கிறது. நான்கு லேன் உள்ள நடு ஸ்லாட்டுக்கு மாற்றினேன். 9.4.

நடு ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. ரெண்டர் ஓடும்போது நெட்வொர்க் கார்டின் ஹீட்ஸிங்கைத் தொட முடியவில்லை. இந்தக் கார்டுகள் சர்வரின் பலமான காற்றோட்டத்துக்காகச் செய்தவை. சொந்த ஃபேன் கிடையாது. பழைய கேபினட்டிலிருந்த 80 மிமீ ஃபேன் ஒன்றை இரண்டு கேபிள் டையால் பக்கத்தில் கட்டினேன். இப்போது விரல் வைக்க முடிகிறது. மே மாதத்தில் மொட்டைமாடி அறை என்ன சூடாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

கம்பி தயார். ஃபைலைக் காப்பி போட்டேன். முதல் சில விநாடி விநாடிக்கு 1 ஜிபி, பிறகு தடாலென்று 170 எம்பி. கம்பியில் பதினைந்தாயிரத்துக்கு மேல் கொட்டிவிட்டு, கிகாபிட்டைவிட ஒன்றரை மடங்குதான்.

இது டிஸ்க். சேமிப்புக் கணினியில் இருப்பது இரண்டு 8 டிபி ஹார்ட் டிஸ்க், ஒன்றின் நகல் மற்றொன்று. முதல் சில ஜிபி ரேமில் போய் உட்காருகிறது, அதனால்தான் அந்த ஆரம்ப வேகம். ரேம் ஒதுக்கீடு நிரம்பியதும் டிஸ்க்கின் உண்மையான வேகம் தெரிகிறது. ஹார்ட் டிஸ்க்கின் வெளி வட்டத்தில் 200க்கு மேல் எழுதும். நிரம்ப நிரம்ப உள்வட்டத்துக்குப் போய் வேகம் குறையும். என்னுடையது பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

அதனால், வருவதை முதலில் என்விஎம்இ எஸ்எஸ்டியில் இறக்கி, ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்சிங்க் என்ற நிரல் அதை ஹார்ட் டிஸ்க்குகளுக்கு நகலெடுக்கும்படி ஏற்பாடு. வீட்டில் சும்மா கிடந்த 1 டிபி என்விஎம்இயைப் போட்டேன். 800, 820 என்று அழகாகப் போயிற்று. சுமார் 90 ஜிபி தாண்டியதும் 130. ஹார்ட் டிஸ்க்கைவிடக் கேவலம். அது கியூஎல்சி வகை, ஒரு செல்லில் நான்கு பிட் அடைப்பது. உள்ளே ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொள்ளும், அது நிரம்பியதும் இப்படித்தான். சின்ன ஃபைல்களுக்கு அருமை, 480 ஜிபியை ஒரே மூச்சில் இறக்க உதவாது. டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) வகையில், நீண்ட நேரம் எழுதினாலும் வேகம் விழாதது எது என்று தேடி, 2 டிபி ஒன்று 12,500க்கு வாங்கினேன். மொத்தச் செலவில் பெரிய உருப்படி இதுதான், வலித்தது. ஆனால் இதுதான் முடித்துவைத்தது: சராசரி 750 எம்பி, 480 ஜிபி பத்து நிமிடம் நாற்பது விநாடி.

ஜம்போ ஃபிரேம், அதாவது ஒவ்வொரு பொட்டலத்திலும் கூடுதல் தரவு அனுப்பும் அமைப்பு, வைக்கச் சொல்லி ஒரு நண்பர் சொன்னார். வழக்கமான 1500 பைட்டிலேயே 9.4 வந்துவிட்டதால் அதைத் தொடவில்லை. கேமரா கார்டிலிருந்து மாடிக் கணினிக்கு இறக்கும் வேகம் இன்னும் பழையபடிதான். அது கார்டும் ரீடரும் சம்பந்தப்பட்டது, நெட்வொர்க்கால் ஒன்றும் ஆகாது.

செலவைக் கூட்டினால் டெஸ்டரிலிருந்து எஸ்எஸ்டி வரை 33,350 ரூபாய். இதில் 1,900 ரூபாய் யுஎஸ்பி அடாப்டர் மாடிக் கணினிக்குத் தேவையில்லாமல் போனது. இப்போது என் மனைவியின் லேப்டாப்பில் இருக்கிறது. ஆல்பம் வடிவமைப்பவர் அவர். முன்பு போட்டோக்களை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி இறங்குவார்; இப்போது ஹாலில் உட்கார்ந்தபடி சேமிப்புக் கணினியிலிருந்தே நேராகத் திறக்கிறார். சுவிட்சுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மூன்று மீட்டர் நல்ல செம்புக் கேபிள், வாங்கும்போது கடையிலேயே சுரண்டிப் பார்த்தது. 270 எம்பி, இன்றுவரை ஒரு தடவையும் அறுபடவில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் முதல் நாளே பிளேடு, டெஸ்டர், ஐபெர்ஃப்3, பிறகு டிஸ்க்கின் எழுதும் வேகம், இந்த நான்கையும் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். இரண்டு கோருக்குப் பதில் நான்கு கோர் இழுப்பேன். மீட்டருக்குச் சில ரூபாய்தான் கூடும், ஒரு கோர் உடைந்தால் மாற்று இருக்கும். மாடி முனையில் இப்போது ஒன்றரை மீட்டர்தான் உபரி விட்டிருக்கிறேன், மூன்று மீட்டர் சுருட்டி வைத்திருக்க வேண்டும். மேசையை அடுத்த சுவருக்கு நகர்த்த முடியாமல் இருக்கிறேன். ஆர்சிங்க் ஓடி முடிக்கும் வரை ஃபுட்டேஜ் ஒரே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது என்பதால், காலையில் ஹார்ட் டிஸ்க்கில் சரிபார்க்கும் வரை மெமரி கார்டுகளை அழிப்பதில்லை. அந்தப் பழக்கத்தை மட்டும் எந்த வேகம் வந்தாலும் விடப்போவதில்லை.

ஃபைபரோடு சேர்த்து விட்ட நைலான் நூல் இன்னும் பைப்புக்குள்ளேயே இருக்கிறது. கீழே பெட்டிக்குள் ஒரு முனை, மேலே ஒரு முனை, இரண்டையும் ஆணியில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். எலக்ட்ரீசியன் அண்ணன் போகும்போது சொல்லிவிட்டுப் போனது அதுதான்: "நூல மட்டும் உருவிடாதீங்க சார்."